குற்றம் வால்விலா, இணைப்பிலா?

இரண்டாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. தன் குறையை மறைக்கப் பிறிதொன்றின்மேல் பழி போடுகிறவர்களைக் குத்திக் காட்டும் பழமொழி இது. இதைச் சொல்லிச் சிரிக்கும் நாம் ஒரு முறையேனும் அந்தக் கூடத்தை அளந்து பார்த்ததுண்டா? கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்திருந்தால், ஆடியவளைப் பழித்தது அநீதி அன்றோ?

வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றி நண்பர்கள் பேசும்போதெல்லாம் இக்கேள்வி எனக்குள் எழுகிறது. சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் ஒரு நாள் இதுபற்றிப் பெரிய வாதமே நடந்தது. 'வால்வின் ஓசைக்கு ஈடு இணை இல்லை. அந்தக் கண்ணாடிக்குள் இருப்பதே தனி இனிமை' என்றது ஒரு கட்சி. 'வால்வு என்பது சூடேறும், உடையும், அடிக்கடி கெட்டுப்போகும் பழம்பொருள்; அதைப் பற்றிப் பேசுவதே வீண்' என்றது மறு கட்சி. இரு கட்சியினரும் ஒரு செய்தியில் ஒன்றுபட்டிருந்தனர். வால்வுக்கென்று மாறாத குணம் ஒன்று உண்டு, அது நல்லதாகவோ கெட்டதாகவோ இருக்கிறது என்று இருவருமே நம்பினர்.

என் கருத்து வேறு. வால்வின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் கண்ணாடிக் குடுவைக்குள் இல்லை. அதன் கிரிட்டுகளை நாம் எங்கே கொண்டுபோய்க் கட்டுகிறோம் என்பதில் இருக்கின்றன. இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. என் பெரியப்பாவின் பழைய மைக் செட்டிலிருந்தும் கற்றுக்கொண்டேன்.

ராசியில்லாத சாக்கெட்

என் பெரியப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். முப்பது ஆண்டுகள் எங்கள் வட்டாரத்தில் மைக் செட் வைத்துத் தொழில் செய்தார். காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை, தேர்தல் கூட்டம் எதுவானாலும் அவருடைய குழாய்தான் தென்னை மரத்தில் ஏறும். அவர் முதன்முதலாக வாங்கியது, வெளியீட்டில் இரண்டு இ.எல்.34 வால்வுகள் கொண்ட பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று. அதையும் ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்ற விலைக்குத்தான் வாங்கினார்.

அந்தப் பெட்டி அவரைப் படுத்திய பாட்டை வீட்டில் எல்லோரும் அறிவர். 'வலது பக்கத்துச் சாக்கெட்டுக்கு ராசி இல்லை, தம்பி. எந்த வால்வைச் செருகினாலும் இரண்டு மணி நேரத்தில் உள்ளே தகடு பழுக்கக் காய்ச்சிய இரும்புபோல் சிவந்துவிடும்' என்பார். ஒரு கொடையில் வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஃபியூஸ் போய்ச் செட்டு ஊமையாகிவிட்டது. அன்றைய வாடகையும் போயிற்று. அடுத்த ஆண்டு முதல் அந்த ஊர்க்காரர்கள் அவரை அழைப்பதையும் நிறுத்திவிட்டனர். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகும்போதெல்லாம், 'வால்வு போய்விட்டது, புதிது போட வேண்டும்' என்ற ஒரே பதில்தான் வந்தது. கடன் வாங்கி வால்வு வாங்கினார். அது மீண்டும் சிவந்தது. கடைசியில் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு டிரான்சிஸ்டர் செட்டுக்கு மாறினார்.

சென்ற விடுமுறையில் அந்தப் பெட்டியை இறக்கி, எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரின் அனுமதியோடு ஆய்வுக்கூடத்தில் திறந்து பார்த்தேன். அங்கே கண்டதைச் சொல்வதற்குமுன், பிற துறை நண்பர்களுக்காகக் கிரிட் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன்.

மதகுப் பலகை

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குடுவை. அதன் நடுவே சூடாக்கப்படும் கேதோடு. அதைச் சுற்றிச் சற்றுத் தள்ளிப் பிளேட் எனப்படும் உலோகத் தகடு. சூடான கேதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படும். பிளேட்டுக்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தால் அவை அதை நோக்கி ஓடும். இந்த இரண்டே உறுப்புகள் கொண்ட வால்வை 1904-இல் இங்கிலாந்தில் ஃபிளெமிங் அமைத்தார். இரண்டிற்கும் இடையில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றை வைத்து, அதற்கு 1907-இல் அமெரிக்காவில் காப்புரிமை கோரினார் லீ டி ஃபாரஸ்ட். அந்தக் கம்பிச் சுருள்தான் கிரிட்.

ஏரி மதகை எண்ணிப் பாருங்கள். ஏரி நிறையத் தண்ணீர் நிற்கிறது, வயலும் காத்திருக்கிறது. எவ்வளவு பாய வேண்டும் என்பதை முடிவு செய்வது ஒரு சிறு பலகை. கிரிட் அந்தப் பலகையைப் போன்றது. கேதோடுக்கு மிக அருகில் இருப்பதால், கிரிட்டில் ஏற்படும் ஒரு வோல்ட் மாற்றம், பிளேட்டில் ஏற்படும் பல வோல்ட் மாற்றத்துக்குச் சமமான விளைவைத் தருகிறது. இ.சி.சி.83 என்ற சிறு வால்வில் இப்பெருக்க எண் 100. மேலும், கிரிட் எதிர் மின்னழுத்தத்தில் இருக்கும்வரை எலெக்ட்ரான்கள் அதில் வந்து அமர்வதில்லை. ஆகவே அது மைக்கிலிருந்து ஏறத்தாழ மின்னோட்டம் எதையும் கேட்பதில்லை. சிறு கையசைவால் பெருவெள்ளத்தை ஆள முடிவது இதனால்தான்.

ஆனால் மதகுப் பலகையைப் பிடித்திருக்கும் கை தளர்ந்தால் என்ன ஆகும்? வால்வின் கேடுகளில் பெரும்பகுதி அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

தரையோடு பிணைக்கும் தடை

கிரிட்டை எதனோடும் இணைக்காமல் விட்டால் அது 'சும்மா' இருந்துவிடும் என்றே நான் முதலில் எண்ணியிருந்தேன். அது தவறு. சிறிய வால்வில், தப்பித் தவறிக் கிரிட்டில் விழும் எலெக்ட்ரான்கள் வெளியேற வழியின்றிச் சேர்ந்துகொண்டே போகும். கிரிட் மேலும் மேலும் எதிர்த்தன்மை அடைந்து மின்னோட்டத்தையே அடைத்துவிடும்.

பெரிய வால்வில் நடப்பது இதற்கு நேர்மாறானது, ஆபத்தும் மிகுதி. எவ்வளவு காற்றை நீக்கினாலும் குடுவைக்குள் சிறிது வாயு மிஞ்சியிருக்கும். ஓடும் எலெக்ட்ரான்கள் அவ்வாயு மூலக்கூறுகளில் மோதி நேர் அயனிகளை உண்டாக்க, அவை கிரிட்டை நாடி வரும். கிரிட்டும் சூடேறித் தானே எலெக்ட்ரான்களை இழக்கத் தொடங்கும். இவ்விரண்டும் கிரிட்டை நேர்த்தன்மை நோக்கித் தள்ளும். மின்னோட்டம் கூடும், சூடு கூடும், சூடு கூடியதால் மின்னோட்டம் மீண்டும் கூடும். முடிவு வால்வின் மரணம்.

எனவேதான் ஒவ்வொரு கிரிட்டுக்கும் தரையோடோ, எதிர் மின்வழங்கியோடோ ஒரு மின்தடை வழியே பிணைப்பு இருக்க வேண்டும். இதைக் கிரிட் லீக் தடை என்பர். இ.எல்.34 வால்வுக்கு இத்தடை சாதாரண ஒலிப்பெருக்கி இணைப்பில் 7 லட்சம் ஓமுக்கு மேல் போகக் கூடாது என்று அதன் தரவுத்தாள் வரம்பு விதிக்கிறது. 'தடையைக் கூட்டினால் ஓசை கூடும்' என்று எண்ணிப் 10 லட்சம் ஓம் போடுகிறவர், சிறிது ஓசைக்காக வால்வின் ஆயுளையே விலையாகக் கொடுக்கிறார். கிரிட்டைக் கண்டுபிடித்த டி ஃபாரஸ்டே தம் வால்வு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சரிவர விளக்கவில்லை. 1914-இல் ஆர்ம்ஸ்ட்ராங்தான் தெளிவாக விளக்கினார் என்பதை நினைத்தால், நம் மெக்கானிக்குகள் தடுமாறியதில் வியப்பில்லை.

பெரியப்பாவின் பெட்டியில் கண்டது

இனி அந்த ராசியில்லாத சாக்கெட்டுக்கு வருகிறேன். கீழ்த்தகட்டைக் கழற்றி, வடிகட்டும் பெரிய கண்டென்சர்கள் ஊதியிருந்ததால் அவற்றை மாற்றினோம். பிறகு வெளியீட்டு வால்வுகள் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, வேரியாக் மூலம் மின்சாரத்தை மெல்ல மெல்ல ஏற்றினோம். இரண்டு சாக்கெட்டுகளிலும் கிரிட்டுக்கு உரிய ஐந்தாம் முனையில் மின்னழுத்தத்தை அளந்தோம்.

இடது சாக்கெட்டில் −36 வோல்ட். வலது சாக்கெட்டில் −31 வோல்ட். அந்த நேரத்தில் சாக்கெட்டில் வால்வே இல்லை என்பதைக் கவனியுங்கள். இல்லாத வால்வின்மேல் எப்படிக் குற்றம் சுமத்துவது?

முந்தைய கட்டத்து வால்வின் பிளேட்டிலிருந்து ஒலி அலைகளை மட்டும் இந்தக் கிரிட்டுக்குக் கடத்திவிட்டு, அங்குள்ள சுமார் 200 வோல்ட் நேர் மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவதற்காக இடையில் ஒரு கப்ளிங் கண்டென்சர் இருக்கிறது. அதன் கிரிட் பக்கத்து முனையைக் கழற்றியதும் வலது சாக்கெட்டும் −36 வோல்ட் காட்டியது. கள்வன் பிடிபட்டான். பழைய காகிதக் கண்டென்சர் உள்ளே சிறிது கசிந்துகொண்டிருந்தது.

கசிவு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தேன். கிரிட் தடை 4 லட்சத்து 70 ஆயிரம் ஓம். கண்டென்சரின் கசிவுத் தடை 2 கோடி ஓம் என்று வைத்துக்கொண்டால், 200 வோல்ட்டில் சுமார் 4.6 வோல்ட் கிரிட்டுக்கு வந்துசேரும். நாங்கள் அளந்த வேறுபாட்டுக்கு அது ஏறத்தாழப் பொருந்துகிறது. 2 கோடி ஓம் என்றால் நல்ல கண்டென்சர் என்றே பலரும் சொல்வர். ஆனால் இ.எல்.34 வால்வில் கிரிட் ஒரு வோல்ட் உயர்ந்தால், அமைதி நிலையில் பிளேட் மின்னோட்டம் சுமார் 8 மில்லியம்பியர் உயரும். 4.6 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 37 மில்லியம்பியர். 400 வோல்ட்டில் 50 மில்லியம்பியர் ஓடி 20 வாட் வெப்பத்தோடு இருந்த பிளேட், இப்போது 35 வாட் வெப்பத்தைத் தாங்க வேண்டும். அதன் வரம்போ 25 வாட். சிவக்காமல் என்ன செய்யும்?

இரண்டு மணி நேரம் கழித்து ஏன் சிவந்தது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. பெட்டி சூடேற ஏறக் காகிதக் கண்டென்சரின் கசிவும் கூடும். மீட்டரின் ஓம் அளவையில் வைத்துச் சோதித்தால் இக்குறை தெரியாது. மீட்டர் கொடுக்கும் சில வோல்ட்டுக்கு அது நல்ல பிள்ளைபோல் இருக்கும். 200 வோல்ட்டில்தான் தன் உண்மை உருவைக் காட்டும். மெக்கானிக்கின் கண்ணில் படாமல் அது தப்பியது இதனால்தான். இரண்டு டீ குடிக்கும் காசில் புதிய 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போட்டோம். வேலை முடிந்தது.

பெரியப்பா 'ராசி இல்லை' என்று சொன்னபோது நாங்கள் சிரித்திருக்கிறோம். உண்மையில் அவர் கண்டது சரி. குற்றம் வால்வில் இல்லை, சாக்கெட்டின் பக்கம்தான் இருக்கிறது என்பதை அவர் பல முறை சோதித்து அறிந்திருந்தார். காரணத்தை எடுத்துச் சொல்லத்தான் யாரும் இருக்கவில்லை.

கத்தினால் அடைத்துக்கொள்ளும் தொண்டை

இன்னொரு சிறு செய்தி. சில பேச்சாளர்கள் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக் கத்துவார்கள். உடனே ஓசை ஒரு கணம் அடைத்துப் பிறகு மீளும். 'வால்வு களைத்துவிட்டது' என்பர். அதுவன்று காரணம். ஒலியின் உச்சத்தில் கிரிட் நேர்த்தன்மை அடைந்து எலெக்ட்ரான்களை இழுக்கிறது. அவை கப்ளிங் கண்டென்சரில் சேர்ந்து, கத்தல் ஓய்ந்த பின்னும் கிரிட்டை அளவுக்கு மீறிய எதிர் மின்னழுத்தத்தில் நிறுத்துகின்றன. அந்த மின்னேற்றம் கிரிட் தடை வழியே வடிந்தால்தான் ஓசை திரும்பும். 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் 4 லட்சத்து 70 ஆயிரம் ஓம் தடையும் இருந்தால் வடிகாலத்தின் அளவு 0.047 வினாடி. 'அடித்தொனி நன்றாக வரட்டும்' என்று 1 மைக்ரோஃபாரட் போட்டால் அது 0.47 வினாடி, ஒரு சொல்லே விழுங்கப்பட்டுவிடும். இதுவும் கிரிட் இணைப்பின் குணமே. கிரிட்டுக்குச் செல்லும் கம்பி கவசமின்றி நீண்டு கிடந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பிடித்துக்கொள்வதும், கிரிட் முனையருகே சில ஆயிரம் ஓம் தடுப்புத் தடை ஒன்று இல்லாவிடில் வால்வு காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானே அலைவதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

ஒரே வால்வு, மூன்று குணங்கள்

இதுவரை சொன்னவை கெடுதல்கள். இணைப்பால் குணமே மாறும் என்பதற்கு இனி வரும் செய்தி சான்று.

இ.எல்.34 ஒரு பெண்டோடு. அதில் மூன்று கிரிட்டுகள் உண்டு. முதலாவது நாம் மேலே கண்ட கட்டுப்பாட்டுக் கிரிட். இரண்டாவது, நேர் மின்னழுத்தத்தில் இருந்து எலெக்ட்ரான்களை முன்னே இழுக்கும் திரைக் கிரிட். மூன்றாவது, பிளேட்டில் மோதித் தெறிக்கும் எலெக்ட்ரான்கள் திரைக் கிரிட்டுக்கு ஓடிவிடாமல் திருப்பி அனுப்பும் அடக்குக் கிரிட். இந்த மூன்றாவது கிரிட்டைச் சேர்த்துப் பெண்டோடை 1926-இல் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் டெல்லிஜன்.

இப்போது இரண்டாவது கிரிட்டின் கம்பியை மட்டும் கையில் எடுத்துக்கொள்வோம். அதை நிலையான மின்வழங்கியோடு கட்டினால் வால்வு பெண்டோடாகவே வேலை செய்யும். சுமார் 375 வோல்ட்டில் இரண்டு வால்வுகள் சேர்ந்து 35 வாட் அளவுக்குத் திறன் தரும். ஆனால் வால்வின் உள்தடை சுமார் 15,000 ஓம். இவ்வளவு உயர்ந்த உள்தடை, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு தன் போக்கில் ஆடுவதை அடக்காது.

அதே கம்பியைக் கழற்றிப் பிளேட்டோடு கட்டுங்கள். மூன்று கிரிட்டுகள் கொண்ட வால்வு ட்ரையோடாக மாறிவிடும். உள்தடை ஏறத்தாழ 1,000 ஓமுக்கு இறங்கும். கூம்பு கட்டுக்குள் வரும். திறனோ சுமார் 16 வாட்டாகக் குறைந்துவிடும். 1947-இல் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் டி.டி.என். வில்லியம்சன் வெளியிட்ட புகழ்பெற்ற ஆம்ப்ளிஃபயர் இவ்வழியைத்தான் மேற்கொண்டது. கே.டி.66 வால்வுகளின் திரைக் கிரிட்டை 100 ஓம் தடை வழியே பிளேட்டோடு இணைத்து, 15 வாட் திறனில் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவான திரிபை அவர் எட்டினார்.

திறனும் வேண்டும், ஒழுங்கும் வேண்டும் என்றால்? 1951-இல் அமெரிக்காவில் ஹாஃப்ளர், கெரோஸ் என்னும் இருவர் இதற்கு விடையாக அமைந்த இணைப்பைப் பரப்பினர். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளில் ஓர் இடைமுனை எடுத்துத் திரைக் கிரிட்டை அதில் கட்டினர். இடைமுனை மின்வழங்கி முனையிலேயே இருந்தால் வால்வு பெண்டோடு. பிளேட் முனையிலேயே இருந்தால் ட்ரையோடு. இடையில் சுருளின் 43 விழுக்காட்டில் வைத்தபோது பெண்டோடின் திறனில் பெரும்பகுதியும் ட்ரையோடின் ஒழுங்கில் பெரும்பகுதியும் ஒன்றாகக் கிடைத்தன. அல்ட்ரா லீனியர் என்று அதற்குப் பெயரிட்டனர். இக்கருத்தின் மூலத்தை இங்கிலாந்தின் ஆலன் ப்ளம்லீன் 1937-லேயே காப்புரிமையில் பதிந்திருந்தார்.

கண்ணாடி மாறவில்லை; கேதோடு மாறவில்லை. ஒரே ஒரு கம்பி இடம் மாறியதற்கு இத்தனை வேறுபாடு.

மூன்றாவது கிரிட்டும் சும்மா இருப்பதில்லை. இ.எல்.34 வால்வில் அது முதலாம் முனைக்குத் தனியே வருகிறது. அதை எட்டாம் முனையிலுள்ள கேதோடோடு வெளியே நாம்தான் இணைக்க வேண்டும். 6எல்6 வால்வில் இவ்வேலையைச் செய்யும் தகடுகள் உள்ளேயே கேதோடோடு இணைக்கப்பட்டுவிட்டன. அதற்காகக் கட்டிய சாக்கெட்டில், 'பொருந்துகிறதே' என்று இ.எல்.34 வால்வைச் செருகினால் அடக்குக் கிரிட் அந்தரத்தில் தொங்கும். ஹீட்டருக்கு 0.9 ஆம்பியருக்குப் பதில் 1.5 ஆம்பியர் வேண்டியிருக்கும் என்பது வேறு தொல்லை. பிறகு, 'இந்த வால்வு சரியில்லை' என்ற பழைய பாட்டு!

இனிமை எங்கே இருக்கிறது?

இப்போது எங்கள் வகுப்பு வாதத்துக்குத் திரும்புவோம். ஒற்றை ட்ரையோடு சேர்க்கும் திரிபில் இரண்டாம் இசைவெண் மிகுதி. ஷட்ஜத்தைப் பாடினால் மேல் ஸ்தாயி ஷட்ஜம் மெல்லியதாக உடன் ஒலிக்கும். காதுக்கு அது இதமாகவே இருக்கிறது. மூன்றாம் இசைவெண் மிகுந்தால் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் சேரும். ஓசையில் சற்றுக் கூர்மை ஏறும். இரண்டு வால்வுகளை எதிரெதிராகப் பூட்டும் புஷ்-புல் முறையில் இரண்டாம் இசைவெண் பெருமளவு தானே கழிந்துவிடும். ஆகவே 'வால்வு இனிமை' என்று மொத்தமாகச் சொல்வது, 'சமையல் பாத்திரம் சுவை' என்று சொல்வதற்கு ஒப்பாகும். எந்த இணைப்பு, எந்தக் கட்டம், எவ்வளவு ஓசையில் என்று கேட்காமல் புகழ்வதும் இகழ்வதும் அறிவியல் மாணவர்க்கு அழகன்று.

நம் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு வேண்டுகோள்

'இன்றைய பாடத்தில் இல்லாத வால்வைப் பற்றி இத்தனை பக்கமா?' என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மின்னணுவியலை நாம் டையோடிலும் டிரான்சிஸ்டரிலும் தொடங்குகிறோம். அது காலத்துக்கு ஏற்றதே. ஆனால் சிப்புக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. வால்வில் கேதோடு சிவப்பதைக் காணலாம். கிரிட்டின் கம்பி எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்து பார்க்கலாம். இன்றைய மாஸ்ஃபெட்டின் கேட் அந்தக் கிரிட்டுக்கு நெருங்கிய உறவு. அதையும் அந்தரத்தில் விட்டால் நிலை தடுமாறும், அதற்கும் தரையோடு ஒரு தடை வேண்டும், அதன் முனையருகேயும் சிறு தடுப்புத் தடை போடுகிறார்கள். பழைய பாடம் வேறு பெயரில் தொடர்கிறது. வால்வுகளும் மறைந்துவிடவில்லை. கிதார் ஆம்ப்ளிஃபயர்களுக்காகவும் இசை ஆர்வலர்களுக்காகவும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் அவை செய்யப்படுகின்றன.

நம் துறையின் பண்டக அறையில் இரண்டு அலமாரி நிறைய வால்வுகளும், ட்ரையோடு சிறப்பியல்புக் கோடுகள் வரையப் பயன்பட்ட பலகைகளும் இருக்கின்றன. அவற்றைக் கழிவுப் பட்டியலில் சேர்த்து எடைக்குப் போட இருப்பதாக அறிகிறேன். எல்லாவற்றையும் காத்து வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. இடநெருக்கடி எனக்கும் தெரியும். ஒரே ஒரு மேசைக்குப் போதுமானதை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒரு இ.எல்.34, இடைமுனை உள்ள ஒரு டிரான்ஸ்ஃபார்மர், திரைக் கிரிட்டை மூன்று இடங்களில் மாற்றிக் கட்டும் ஒரு சுவிட்ச். ஒரு பிற்பகலில் ஒரே வால்வின் மூன்று வரைகோடுகளை மாணவர் தம் கையால் வரைந்துவிடலாம். 400 வோல்ட் உயிரைப் பறிக்கக் கூடியது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டென்சர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆகவே இச்சோதனை ஆசிரியர் அருகிருக்க, கண்டென்சர்களைத் தடை வழியே வடித்துவிட்டு, உரிய பாதுகாப்போடுதான் நடைபெற வேண்டும். தனியே வீட்டில் செய்து பார்க்க எவரும் முனைய வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள் நமக்கு நாமே. தரவுத்தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. பெரியப்பாவுக்கு அது எட்டவில்லை. அவர் நம்பிச் சென்ற மெக்கானிக்குக்கும் எட்டவில்லை. இரண்டு டீ விலையில் தீர்ந்திருக்க வேண்டிய குறைக்காக அவர் பல ஆண்டு வருமானத்தை இழந்தார். கல்லூரிக்கு வந்து படிக்கும் நாம், படித்ததில் ஒரு பக்கத்தையாவது தமிழில் எழுதித் தொழில் செய்கிறவர் கையில் கொடுத்தால், அதுவே நம் பட்டத்தின் முதல் பயன் என்று எண்ணுகிறேன். அந்தப் பெட்டியின் கீழ்த்தகட்டின் உள்பக்கத்தில் நான் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முனையிலும் இருக்க வேண்டிய மின்னழுத்தத்தை எழுதி, 'வால்வு சிவந்தால் புது வால்வு வாங்குமுன் வால்வைக் கழற்றிவிட்டு ஐந்தாம் முனையை அளந்து பார்க்கவும்' என்று அடியில் குறித்திருக்கிறேன்.

பழுது நீங்கிய அன்று மாலை ஆய்வுக்கூடத்திலேயே, பேராசிரியர் உடனிருக்க, பெட்டியை மூன்று மணி நேரம் ஓட விட்டோம். பெரியப்பாவையும் வரவழைத்திருந்தேன். பாட்டை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. வலது பக்க வால்வையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது சிவக்கவில்லை. கடைசியில், 'அப்போ அந்த வால்வெல்லாம் நல்ல வால்வுதானா, தம்பி?' என்று கேட்டார். தூக்கிப் போட்டவற்றை எண்ணிப் பார்க்கிறார் என்று புரிந்தது. எனக்குப் பதில் வரவில்லை.

நண்பர்களே, ஆடியவள்மேல் பழி சொல்லுமுன் ஒரு முறை கூடத்தை அளந்து பார்ப்போம். அளப்பதற்கு வேண்டிய கருவி நம் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. எடைக்குப் போய்விடாமல் அது அங்கேயே இருக்கட்டும்.